இரண்டு மொழி பேசும் வீட்டில் குழந்தையின் பேச்சு தாமதமானால்: பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகனுக்கு இரண்டு வயது முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தபோது, அவனுடைய நாயனம்மா, அதாவது என் மாமியார், வாயே திறக்காமல் அவனுக்குச் சோறு ஊட்டினார். நான் தமிழ், கணவர் தெலுங்கு. அத்தை நெல்லூரிலிருந்து எங்களோடு சென்னைக்கு வந்தவர். தெலுங்கைத் தவிர வேறு மொழி தெரியாது. முந்தைய வாரம் ஒரு மருத்துவர், "வீட்டில் இரண்டு மொழி, வெளியே ஆங்கிலம். குழந்தை குழம்பிப்போயிருக்கிறான். இனிமேல் ஒரே மொழியில் பேசுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அத்தை அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். பருப்புச் சோற்றைப் பிசைந்து, உருட்டி, நீட்டுவார். வழக்கமாகச் சொல்லும் "தினு நான்னா" (சாப்பிடு கண்ணா) வராது. அவன் சோற்றைப் பார்க்க மாட்டான். அவருடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருப்பான். இப்படி 18 நாள்கள் போயின. அந்த நாள்களை நினைத்தால் எனக்கு இன்றும் வலிக்கிறது.

நான் மருத்துவர் அல்ல. பேச்சுப் பயிற்சியாளர்களிடமும் காது மருத்துவர்களிடமும் ஒன்றரை ஆண்டு அலைந்து, கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டதை, இதே வழியில் இப்போது நிற்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. பேச்சு, மொழித் துறை வல்லுநர்கள் இதில் ஒத்த கருத்தோடு இருக்கிறார்கள். அதனாலேயே இன்னொன்றும் உண்மையாகிறது: தாமதம் இருந்தால் அதற்கு வேறு காரணம் இருக்கக்கூடும், "இரண்டு மொழி வீடு, மெதுவாகத்தான் வரும்" என்று காத்திருக்கக் கூடாது.

முதல் படி: ஒரு நோட்டு, ஏழு நாள்கள்

மருத்துவரிடம் போவதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள். பக்கத்தின் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் ஒரு மொழி, மறுபக்கம் இன்னொரு மொழி என்று பிரித்துக்கொள்ளுங்கள். அதைச் சமையலறையில் பேனாவோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு வாரத்துக்குக் குழந்தை தானாகச் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும், யார் காதில் விழுந்தாலும், அவர் உடனே எழுதிவிட வேண்டும். பாட்டி, தாத்தா, வீட்டு வேலைக்கு வருகிற அக்கா எல்லோரும் இதில் சேர்த்திதான்.

எதைச் சொல்லாகக் கணக்கில் எடுப்பது? உச்சரிப்பு சுத்தமாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் தண்ணீருக்கு மட்டும் "தன்" என்று சொன்னால் அது ஒரு சொல். "மம்மம்", "ஜோஜோ", "டாட்டா" எல்லாம் சொற்கள். பஸ்ஸைப் பார்த்து "பாம் பாம்", மாட்டைப் பார்த்து "ம்மா" என்பதும் சொல்தான். நீங்கள் சொல்லச் சொல்லி, கிளிப்பிள்ளைபோல் திருப்பிச் சொன்னதைச் சேர்க்காதீர்கள். தலையாட்டுவது, விரல் நீட்டுவது, கையைப் பிடித்து இழுத்துப் போவது போன்ற சைகைகளைப் பக்கத்தின் அடியில் தனியாகக் குறித்துவையுங்கள். பின்னால் அவை மிகவும் தேவைப்படும்.

எங்கள் நோட்டில் தமிழ்ப் பக்கத்தில் 14 சொற்கள், அத்தை தெலுங்கு எழுத்தில் எழுதிய பக்கத்தில் 17. பூனையைக் கண்டால் என்னிடம் "பூனா", நாயனம்மாவிடம் "பில்லி". நிலாவுக்கு அவனிடம் தெலுங்குச் சொல் இல்லை. செருப்புக்குத் தமிழ்ச் சொல் இல்லை, "செப்பு" என்பான். முதலில் போன இடத்தில் செருப்புப் படத்தைக் காட்டிக் கேட்டபோது அவன் அதைத்தான் சொன்னான். அதைக் குளறல் என்று குறித்துக்கொண்டார்கள். செருப்புக்குத் தெலுங்கில் "செப்புலு". குழந்தை சரியான விடையைத்தான் சொல்லியிருந்தான். அந்த அறையில் அது யாருக்கும் புரியவில்லை.

எண்ணும்போது இரண்டு கணக்கு போடுங்கள். முதல் கணக்கு, இரு பக்கங்களின் மொத்தம்: எங்களுக்கு 31. இரண்டாவது, ஒரே பொருளுக்கு இரு மொழியிலும் சொல் இருந்தால் அதை ஒன்றாகக் கொள்வது: பூனை, தண்ணீர், வா, சோறு ஆகிய நான்கும் இரு பக்கமும் இருந்ததால் 27. பால், பாலு போல ஒலியே ஏறக்குறைய ஒன்றாக இருப்பதை ஒரு முறை எழுதினால் போதும். இந்தக் கணக்கு புதிதல்ல. 1993இல் மியாமியில் பார்பரா பியர்சனும் அவருடைய குழுவினரும் ஆங்கிலமும் ஸ்பானிஷும் கேட்டு வளர்ந்த 25 குழந்தைகளை இப்படித்தான் எண்ணிப் பார்த்தார்கள். இரு மொழியையும் சேர்த்து எண்ணியபோது, ஒரு மொழி மட்டும் கேட்டு வளர்ந்த குழந்தைகளைவிட அவர்கள் பின்தங்கியிருக்கவில்லை. ஒரு மொழியை மட்டும் எண்ணினால் குழந்தையின் பாதிதான் கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் 31 என்பதும் குறைவுதான். நோட்டு எங்கள் பயத்தைப் போக்கவில்லை, அளவைச் சரிசெய்தது. அதன் பயன் அவ்வளவுதான், அது பெரிய பயன்.

இரண்டாம் படி: வயதோடு ஒப்பிடுவது

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியது. அந்தந்த வயதில் முக்கால்வாசிக் குழந்தைகளாவது செய்யக்கூடியதை மட்டுமே அதில் வைத்திருக்கிறார்கள். ஆகவே அதில் ஒன்று இல்லையென்றால் "பரவாயில்லை" என்று தள்ளிவிட முடியாது.

12 மாதத்தில்: அம்மா, அப்பா போன்ற ஒரு பெயரால் அழைப்பது, கையசைத்து விடைகொடுப்பது.
15 மாதத்தில்: அம்மா, அப்பா தவிர ஓரிரு சொற்களை முயல்வது, வேண்டியதை விரல் நீட்டிக் கேட்பது.
18 மாதத்தில்: அம்மா, அப்பா தவிர மூன்று சொற்களாவது, "அங்கே பார்" என்பதுபோல் எதையாவது சுட்டிக்காட்டுவது.
24 மாதத்தில்: இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்வது.
30 மாதத்தில்: சுமார் 50 சொற்கள்.
36 மாதத்தில்: வெளியாட்களுக்கும் பெரும்பாலும் புரியும்படி பேசுவது.

பேச்சுப் பயிற்சியாளர்கள் பலர் இதைவிடச் சற்றுக் கடுமையான அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 24 மாதத்தில் 50 சொற்களுக்குக் குறைவாக இருந்தாலோ, இரண்டு சொல் சேரவில்லை என்றாலோ தாமதம் என்று கொள்வார்கள். இரண்டு மொழி வீட்டில் எல்லா எண்ணும் இரு மொழிக்கும் சேர்த்துத்தான். சேர்ந்து வரும் இரண்டு சொற்களும் ஒரே மொழியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

மூன்று மாதம், ஆறு மாதம் என்று தள்ளிப்போடவே கூடாத சில அறிகுறிகள் உண்டு. முன்பு சொன்ன சொற்களை விட்டுவிடுவது, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, ஒரு வயது கடந்தும் விரல் நீட்டாமல் சைகை எதுவும் செய்யாமல் இருப்பது, எந்த மொழியில் சொன்னாலும் எளிய ஏவல் புரியாதது. இவற்றில் ஒன்று இருந்தாலும் நோட்டெல்லாம் பிறகு. முதலில் மருத்துவரிடம் போங்கள்.

இந்தக் கட்டத்தில் வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் சொல்ல வருவார்கள். எங்கள் வீட்டில் குமரகுருபரர் வந்தார்: ஐந்து வயது வரை பேசாத பிள்ளை, திருச்செந்தூரில் முருகன் அருளால் பாடினாரே என்று. நம்பிக்கை எனக்கும் உண்டு. திருச்செந்தூருக்குப் போகிற வழியில் காதுப் பரிசோதனையையும் முடித்துவிட்டுப் போகலாம் என்பதே என் நிலை. "இவன் அப்பாகூட நான்கு வயதில்தான் பேசினான்" என்பது இன்னோர் ஆறுதல். அது உண்மையில் ஆறுதலாகாது. பேச்சுத் தாமதம் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. அப்பாவுக்கோ மாமாவுக்கோ இருந்திருந்தால் இன்னும் சீக்கிரம் பார்க்க வேண்டும். அதை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். "ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும்" என்பதிலும் ஓரளவே உண்மை. சராசரியில் இருக்கும் சிறு வித்தியாசம் மாதக்கணக்கில் காத்திருக்கப் போதாது.

தாமதமாகப் பேசும் இரண்டு வயதுக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் பின்னர் தாமாகவே எட்டிப்பிடித்துவிடுகிறார்கள். இதுவும் உண்மைதான். எட்டிப்பிடிக்கப் போவது எந்தக் குழந்தை என்பதை இரண்டு வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால்தான் காத்திருக்க வேண்டாம் என்கிறேன்.

மூன்றாம் படி: காது

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் காது. "கதவைச் சாத்தினால் திரும்புகிறான், குக்கர் விசில் அடித்தால் ஓடி வருகிறான், காதெல்லாம் நன்றாகத்தான் கேட்கிறது" என்று நானும் சொன்னவள்தான். கதவும் குக்கரும் உரத்த ஒலிகள். பேச்சில் ஸ, ச, த, ப போன்ற ஒலிகள் மிக மெல்லியவை. அரைகுறையாகக் கேட்கும் காதுக்குக் கதவு கேட்கும். "செருப்பு" என்பதற்கும் "பருப்பு" என்பதற்கும் உள்ள வேறுபாடு கேட்காது.

பிறந்தபோது செய்த பரிசோதனையில் தேறியிருந்தாலும் இப்போது மறுபடி செய்யுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும். வலியும் இருக்காது, காய்ச்சலும் இருக்காது, சீழும் வராது. நீருக்குள் மூழ்கியிருந்து கேட்பதுபோல் குழந்தை ஊமையொலியாகக் கேட்டுக்கொண்டிருக்கும். சில நாள் நன்றாகக் கேட்கும், சில நாள் கேட்காது. நாம் அதைப் பிடிவாதம் என்போம்.

மூன்று பரிசோதனைகளின் பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஓ.ஏ.இ. என்பதில் காதுக்குள் சிறு முனையை வைத்து உட்செவி தரும் எதிரொலியை அளப்பார்கள். சில நிமிட வேலை. டிம்பனோமெட்ரி செவிப்பறை அசைகிறதா என்று பார்க்கும். நீர் கோத்திருப்பதைக் காட்டிக்கொடுப்பது இதுதான். பெரா பரிசோதனைக்குக் குழந்தை தூங்க வேண்டும். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டும் மின்முனைகள் மூலம், ஒலி மூளைத்தண்டு வரை போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பார்கள். பெராவுக்குப் போகும் நாளில் காலையில் சீக்கிரம் எழுப்பி, வழியில் தூங்கவிடாமல் கூட்டிச்செல்லுங்கள். ஆட்டோவில் ஏறியதும் கண்ணை மூடிவிட்ட பிள்ளை, அங்கே போனதும் விழித்துக்கொண்டு ஒரு நாளையே வீணாக்கிவிடும்.

என் மகனுக்கு இரண்டு காதிலும் நீர் இருந்தது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தானாக வடிந்துவிடும் என்பதால் மூன்று மாதம் பொறுக்கச் சொன்னார்கள், வடியவில்லை, செவிப்பறையில் சிறு குழாய் வைத்தார்கள். எங்களைக் குழப்பத்தில் தள்ளியது தெலுங்கும் தமிழும் அல்ல, இரண்டு காதுகளில் தேங்கியிருந்த கொஞ்சம் நீர்.

நான்காம் படி: யாரைப் பார்ப்பது, என்ன கேட்பது

குழந்தை மருத்துவரிடம் தொடங்கி, செவித்திறன் மற்றும் பேச்சு மொழி வல்லுநரிடம் போக வேண்டும். தமிழ்நாட்டில் அரசு வழியும் உண்டு. 2013இல் தொடங்கிய ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு வந்து, வளர்ச்சித் தாமதம் உட்படக் குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. அவர்கள் அனுப்பிவைக்கும் இடம் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம். அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. என்று கேட்டால் வழி காட்டுவார்கள். சென்னைக்கு அருகில் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பெயரைக் கேட்டுத் தயங்காதீர்கள். அங்கே போவதால் குழந்தைக்கு முத்திரை எதுவும் குத்தப்படுவதில்லை.

போகும்போது நோட்டை எடுத்துப்போங்கள். அதைவிட முக்கியமாக, குழந்தை யாரிடம் அதிகம் பேசுகிறதோ அவரை அழைத்துப்போங்கள். பயிற்சியாளருக்கு இரண்டாவது மொழி தெரியாது என்றால் அந்த மொழியில் வீட்டில் எடுத்த இரண்டு நிமிட வீடியோக்கள் இரண்டு மூன்று போதும். அத்தை ஊஞ்சலில் வைத்து ஆட்டும்போது எடுத்த வீடியோவில்தான், பரிசோதனை அறையில் ஒரு சொல்கூடச் சொல்லாத பிள்ளை ஒன்பது சொல் சொல்லியிருந்தான்.

நேரடியாகக் கேட்க வேண்டிய கேள்வி இது: "தாமதம் இரண்டு மொழியிலும் இருக்கிறதா, ஒன்றில் மட்டுமா?" உண்மையான மொழிக் குறைபாடு இரண்டிலும் தெரியும். ஒன்றில் நன்றாகவும் மற்றதில் குறைவாகவும் இருந்தால், அந்த மொழியைக் குழந்தை போதிய அளவு கேட்கவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள்.

சரி, மொழிக் குறைபாடோ ஆட்டிசமோ உறுதியானால்? அப்போதும் ஒரு மொழியை நிறுத்தத் தேவையில்லை. டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம் உள்ள குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வுகளிலும், இரண்டு மொழி கேட்டதால் அவர்கள் கூடுதலாகப் பின்தங்கியதாகத் தெரியவில்லை. யாராவது வீட்டு மொழியை விட்டுவிடச் சொன்னால், பணிவாக இன்னொருவரிடம் கருத்துக் கேளுங்கள். அம்மாவுக்குச் சரளமாக வராத ஆங்கிலத்தில் குழந்தை கேட்பது "கம்", "சிட்", "நோ", "ஈட்" மட்டும்தான். தாய்மொழியில் என்றால், முருங்கைக்காய் ஏன் வழுக்குகிறது என்பது வரை பேச்சு நீளும். அந்த நீளத்தில்தான் குழந்தை மொழியைக் கற்கிறது.

நாக்கின் அடியில் உள்ள சவ்வைப் பற்றி ஒரு வார்த்தை. "நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் பேச்சு வரும்" என்பார்கள். அது சில ஒலிகளின் உச்சரிப்பைத் தொடலாம். சொற்களே வராததற்கு அது காரணமாகாது. வசம்பைத் தேய்ப்பதும் சொல்லைக் கொண்டுவராது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நாக்கில் தேன் வைக்கவே கூடாது. அது உயிருக்கே ஆபத்தான நச்சுநோயைத் தரக்கூடும்.

ஐந்தாம் படி: வீட்டுப் பேச்சை அமைப்பது

அம்மா ஒரு மொழி, அப்பா ஒரு மொழி என்று கறாராகப் பிரிக்க வேண்டுமா? பிரெஞ்சு மொழியியலாளர் ஜூல் ரோன்ஜா தன் மகன் லூயியைப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் அப்படி வளர்த்து 1913இல் எழுதிய நாளிலிருந்து இந்த முறைக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனால் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் சுமார் 1,900 குடும்பங்களை ஆராய்ந்து அன்னிக் டி ஹூவர் 2007இல் வெளியிட்ட முடிவு, குழந்தை இரு மொழியும் பேசுவதற்கு அந்த முறை கட்டாயமும் இல்லை, அது மட்டுமே போதுமானதும் இல்லை என்கிறது. உங்களுக்கு இயல்பாக வருவதைச் செய்யுங்கள். எங்கள் வீட்டில் சட்டம் எதுவும் இல்லை: அத்தை எப்போதும் தெலுங்கு, நான் பெரும்பாலும் தமிழ், கணவர் இரண்டும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இரண்டு மொழிக்கும் குழந்தையோடு முகம் பார்த்துப் பேசும் நேரம் தினமும் கிடைக்க வேண்டும்.

இனி, பேசும் விதம். பயிற்சியாளர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் மிகவும் பலித்தது, பேசாமல் இருக்கும் ஐந்து நொடி. மாலையில் தோசை ஊற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் கண் உயரத்துக்குக் குனிந்து, ஒரு துண்டைக் கையில் எடுத்து, "தோசை" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த ஐந்து நொடி ஒரு யுகமாகத் தெரியும், வாய் பரபரக்கும், பொறுங்கள். ஒலியோ பார்வையோ நீட்டிய கையோ, எது வந்தாலும் அதைச் சொல்லாக எடுத்துக்கொண்டு உடனே கொடுங்கள்: "தோசை தா! இந்தா, சூடான தோசை." அவன் ஒரு சொல் சொன்னால் நீங்கள் இரண்டாக்கித் திருப்பிக் கொடுங்கள், இரண்டு சொன்னால் மூன்று. "அம்மா சொல்லு, அத்தை சொல்லு, எங்கே சொல்லு" என்று விருந்தாளிகள் முன் நிற்கவைத்துத் தேர்வு நடத்த வேண்டாம். பேச்சு கஷ்டமாக இருக்கிற குழந்தை அதில் கற்றுக்கொள்வது வாயை மூடிக்கொள்வதைத்தான்.

குளிக்கும்போது, பூத் தொடுக்கும்போது, துணி மடிக்கும்போது கையில் உள்ளதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். வேண்டியது எதையும் கேட்கும் முன்பே கொடுத்துவிடாதீர்கள். பாலா, பழமா என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். அவன் தெலுங்கில் சொன்னதற்கு நான் "தமிழில் சொல்" என்று ஒருபோதும் சொன்னதில்லை. "ஆமாம், செருப்பு, செருப்புப் போடலாம்" என்று என் மொழியில் தொடர்ந்துவிடுவேன். இரு மொழியைக் கலப்பது குழப்பமல்ல. கையில் இருக்கும் சொல்லை எடுத்து வேலையை முடிக்கிறது குழந்தை, பெரியவர்கள் நாமும் நாள் முழுவதும் அதைத்தான் செய்கிறோம்.

கைப்பேசியைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிவுரைப்படி, ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம். இரண்டு வயதில் அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதற்கும் குறைந்தால் நல்லது. 2003இல் சியாட்டிலில் பட்ரீஷியா கூல் நடத்திய ஆய்வு இதற்கான காரணத்தைத் தெளிவாகக் காட்டியது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் 12 முறை விளையாடினார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆட்களை அதே அளவு நேரம் திரையில் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. ஆகவே ஆங்கிலப் பாட்டு வீடியோவை மொழிப் பாடமாகக் கருத வேண்டாம். வெளியூரில் இருக்கும் பாட்டியோடு வீடியோ அழைப்பில் பேசுவது வேறு. அங்கே எதிரில் இருப்பவர் குழந்தைக்குப் பதில் சொல்கிறார்.

ஆறாம் படி: விளையாட்டுப் பள்ளியும் மூன்றாவது மொழியும்

வீட்டில் பேசும் குழந்தை ஆங்கிலம் பேசும் விளையாட்டுப் பள்ளியில் சில வாரங்கள், சில மாதங்கள்கூட வாய் திறக்காமல் இருக்கலாம். புது மொழியைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளும் காலம் அது. ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி, தண்ணீர், கழிப்பறை, வலிக்கிறது, அம்மா ஆகிய நான்குக்கும் உங்கள் குழந்தை சொல்லும் சொல்லை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வீட்டிலும் பேச்சு குறைந்தால், அல்லது பள்ளியில் மட்டும் மாதக்கணக்கில் மௌனம் நீடித்தால் மறுபடி பயிற்சியாளரைப் பாருங்கள்.

ஏழாம் படி: மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே நோட்டு

பயிற்சி தொடங்கிய பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏழு நாள் கணக்கை மறுபடி எழுதுங்கள். சொற்களின் எண்ணிக்கையோடு, பெயர்ச்சொற்கள் மட்டும்தானா, வா, தா, போ போன்ற வினைகளும் வருகின்றனவா என்றும் பாருங்கள். வினை இல்லாமல் வாக்கியம் பிறக்காது. இரண்டு கணக்கெடுப்பில் முன்னேற்றம் இல்லையென்றால் பயிற்சி முறையை மாற்றச் சொல்லலாம், காதை மறுபடி பார்க்கச் சொல்லலாம். "பழம்" "பயம்" ஆவதைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். ழ, ர போன்ற ஒலிகள் எல்லாக் குழந்தைகளுக்கும் பிந்தித்தான் திருந்தும்.

குழாய் வைத்த ஆறாவது வாரம் நாங்கள் மூன்றாவது முறையாக நோட்டைத் திறந்திருந்தோம். வெயில் நேரம், அத்தை கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவன் காலித் தம்ளரைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போய், "நீள்ளு தா" என்றான். தண்ணீர் தெலுங்கில், தா தமிழில்; அவன் சேர்த்துச் சொன்ன முதல் இரண்டு சொற்கள். எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல் அத்தை என்னைக் கூப்பிட்டார். நடுக்கோட்டின் மேலேயே எழுதினோம்.